பொம்மைக்காவிடம் அச்சு கிடையாது

"அசையாதடி, கண்ணுல குத்திரும்!" என்று அதட்டிக்கொண்டே சின்ன இடுக்கியால் இமைமுடி ஒட்டுகிறாள். அதட்டல் வாங்குவது முழ உயரப் பொம்மை.

தெருவுக்கே அவள் பொம்மைக்கா. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு கையோ காதோ காய்ந்துகொண்டிருக்கும். கணவர் ஒருநாள் சட்டைப்பையில் ஒரு மூக்கோடு ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறார்.

அவளிடம் அச்சு கிடையாது. ஒவ்வொரு முகமும் களிமண்ணில் விரலால் பிடித்தது. ஒன்றைப்போல இன்னொன்று கேட்பவர்களை, "அது கடையில கிடைக்குமே!" என்று சிரித்தே அனுப்பிவிடுவாள்.

போன மாதம் ஒருவர் தம் ஐந்து வயது இரட்டைப் பெண்களோடு வந்தார். "இவங்களையே செஞ்சு குடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாட்டி அடிச்சுக்குவாங்க. எனக்கே அடிக்கடி ஆள் மாறிப்போகுது!"

மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் குழந்தைகள் எதற்கோ சிரித்தார்கள். ஒருத்திக்கு முதலில் கண் சிரித்தது. மற்றவளுக்கு உதட்டின் வலது ஓரம். பொம்மைக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. "செஞ்சு தர்றேன்!"

மூன்று வாரம் சோறு தண்ணி மறந்தாள். "அவர் கேட்டது ஒரே மாதிரி. நீ என்ன பண்ணிட்டிருக்க?" என்றார் கணவர்.

"பிள்ளைங்க ஒரே மாதிரி இருந்தாத்தானேங்க!"

வாங்க வந்த அன்று, மூடியிருந்த துணியை அவளே விலக்கினாள். அப்பாவின் முகம் மாறியது. "என்னங்க இது? ரெண்டும் ரெண்டு விதமா இருக்கே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அவள் துணியை மடித்து வைப்பதற்குள் குழந்தைகள் மேசைக்குப் பாய்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, தயக்கம் இல்லை.

"ஐ, இது நான்!"

"இதுதான் நான்!"

ஆளுக்கொன்றை அணைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண் சிரித்தது; மற்றவளுக்கு உதட்டோரம். பொம்மைகளுக்கும் அப்படியே. அப்பா மண்டியிட்டு நாலு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அட... இத்தனை நாளா நான் எதைத்தான் பார்த்தேன்?" என்றபோது அவருடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறியது.

பொம்மைக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் புருவத்தையே பார்த்தாள். விரல்கள் அதற்குள் ஒரு உருண்டைக் களிமண்ணைக் கிள்ளியிருந்தன.