கயிறு கட்டிய நாட்கள்

தன் புருஷனுக்குக் குடியை நிறுத்தத் தெரியும் என்பதில் கார்குழலிக்கு ஒரு பெருமை. முத்தியால்பேட்டைத் தெருவில் மற்ற பெண்கள் அழும்போது, "எங்க வூட்டுக்காரரு கயிறு கட்டுனா அன்னிக்கே வுட்டுடுவாரு" என்பாள். பொய்யில்லை. கோயிலில் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டால் கலியமூர்த்தி ஒரு சொட்டுத் தொடமாட்டார். நாலைந்து மாதம் தாங்கும். பிறகு, சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து திரும்பும் ஏதோ ஒரு சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிடும். அவளும் மறுபடி கோயிலுக்கு அழைத்துப் போவாள்.

முதல் தடவை கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மூன்று நாளில் சரியாயிற்று. அடுத்த இரண்டு தடவையும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு தங்கவில்லை. நான்காவது கயிறு கட்டிய மறுநாள் லேத் மெஷின் முன்னால் வலிப்பு வந்து விழுந்தார். வேலை போயிற்று.

ஐந்தாவது தடவை வலிப்பு நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், சுவரெல்லாம் எறும்பு என்று கையால் தட்டினார். மகள் சரிதாவைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார்.

டாக்டரம்மா கார்குழலியை உட்காரவைத்துச் சொன்னார். "சாராயம் மூளைய அமுக்கியே வச்சிருக்கும். சட்டுனு நிறுத்துனா அது துள்ளும். ஒவ்வொரு தடவ துள்ளும்போதும், அடுத்தது இன்னும் மோசமாத்தான் வரும். நிறுத்தணும்தான். ஆனா இங்க சேத்து, மாத்திரை குடுத்து நிறுத்தணும்."

"அஞ்சு தடவையும் நான்தான் டாக்டர் கூட்டிக்கினு போனேன்."

"உங்க மேல தப்பில்லம்மா. இத்தன வருஷம் குடிச்சதும் சேந்துதான் இது."

அது அவள் மனதில் ஏறவில்லை.

கலியமூர்த்தி பிழைத்துவிட்டார். இரண்டு வருடமாகக் குடியில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்லை. கடைத்தெருவுக்குப் போனால் யாராவது கொண்டுவந்து விடவேண்டும். கார்குழலி ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறாள்.

இன்று காலை டீ டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"குழலி, இன்னியோட குடிய வுட்டுட்டேன். நீ வேணா பாரு."

நேற்றும் இதைத்தான் சொன்னார். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் அவர் காலைப் பிடித்து அழுதிருக்கிறாள்.

"சரிங்க," என்றாள். "டீ ஆறுது, குடிங்க."