எந்த டாக்டர் கைவிட்டார்?

போன மாதம் ஒரு ஞாயிறு. எங்கள் சபையில் என் வீட்டுக்காரர் சாமுவேல் எழுந்து சாட்சி சொன்னார். நெஞ்சுவலி வந்து பிழைத்தவர், நன்றி சொல்ல வேண்டாமா? நானும் கைக்குட்டையோடு ரெடியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டருங்கல்லாம் கைவிட்டுட்டாங்க. கர்த்தர் கைவிடலை!" என்றார். சபையே அல்லேலூயா என்று அதிர்ந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த டாக்டர் கைவிட்டார்? இலுப்பூர் கல்யாண வீட்டில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து, திருச்சியில் ஸ்டென்ட் வைத்து முடிக்கும்வரை கூடவே இருந்தவள் நான். அங்கே இவரைப் பார்த்த டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். இப்போதும் செக்கப்புக்குப் போனால், "சார் மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" என்று என்னிடம்தான் கேட்கிறார். அவரா கைவிட்டார்?

நானும் விசுவாசிதான். ஸ்டென்ட் வைத்த அறைக்கு வெளியே நான் பண்ணிய ஜெபம் எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடி ஜெபித்தவள், நடுநடுவே கண்ணைத் திறந்து நர்ஸ் முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படியென்றால் என் விசுவாசம் அரைகுறையா? இன்றுவரை பிடிபடவில்லை.

யோசித்துப் பார்த்தால், நம் சாட்சிகளில் டாக்டர் கைவிட்டே ஆக வேண்டும். அவர் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டால் சாட்சியில் உப்பு குறைந்துவிடுகிறது! விசுவாசம் என்பது டாக்டரைக் கழித்த பிறகு மிஞ்சுவதா என்ன?

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? நான் கர்த்தருக்குத்தானே மகிமை கொடுத்தேன்" என்றார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரமே ஸ்டெல்லா அக்கா மயங்கி விழுந்தார். எங்கள் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் தெரிகிறது — இன்சுலினை நிறுத்தியிருக்கிறார்.

"தம்பி சாட்சியைக் கேட்டேன்ல... அவருக்கு அம்புட்டு விசுவாசம். நான் மட்டும் தெனமும் ஊசியை நம்பிக்கிட்டுக் கெடக்கேனேன்னு வெக்கமாப் போச்சும்மா" என்றார் என்னிடம்.

சாமுவேல் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அக்காவின் கட்டிலில் வைத்தார்.

"நான் தெனமும் இதைப் போடுறேன்க்கா. அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப விசுவாசம்?"

"அதுவும் இருக்குக்கா."

நர்ஸ் ஊசியோடு வந்தார். அக்கா கையை நீட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அந்த ஞாயிறு இவர் மறுபடி எழுந்தார். "டாக்டர் என்னைக் கைவிடவே இல்லைங்க. போன தடவை தப்பாச் சொல்லிட்டேன். அந்த டாக்டரைக் கொடுத்ததுக்கும் ஸ்தோத்திரம். யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று உட்கார்ந்தார். ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. யாரோ இருமினார்கள். பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டின் நம்பரைச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முதல் சாட்சியை யாரோ செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். இரண்டாவதை? ஒருவர்கூட எடுக்கவில்லை.

இன்று காலை அந்த வீடியோ என் வாட்ஸ்அப்புக்கே வந்து சேர்ந்தது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து என் சித்தி அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "நம்ம மாப்பிள்ளை சாட்சி பாத்தியா? விசுவாசம் இருந்தாப் போதும்டி!"

சித்தி பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ரிங் போகிறது... எடுக்க மாட்டேன் என்கிறார்.