அப்பாவின் பதின்மூன்று வருட சர்வீஸ்

ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அது வீட்டுக்குள் நுழைந்தால்தான் எனக்குச் சாயங்காலம் ஆனதாகத் தோன்றும். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பு மில்லில் பதின்மூன்று வருடம் வேலை பார்த்தவர் அவர். ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே அறுந்த இழையைச் சேர்த்துவிடும் அந்த விரல்களுக்கு மில்லில் தனி மரியாதை இருந்தது.

நான் ஐந்தாவது படித்த வருடம், திருப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், அங்கே பனியன் கம்பெனியில் மில் சம்பளத்தைப்போல ஒன்றரைப் பங்கு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். திருச்சுழிப் பக்கம் எங்களுக்கிருந்த கரிசல் துண்டு மழையில்லாமல் மூன்று வருடமாகத் தரிசாகக் கிடந்தது.

"பெர்மனென்ட்டு வேலைய விட்டுட்டு யாராச்சும் போவாகளா?" என்றாள் அம்மா.

"இங்கயே கெடந்தா புள்ளைய எதை வச்சுப் படிக்க வைக்கிறது?" என்றவர், மறுவாரமே மில்லில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

திருப்பூரில் அந்த விரல்களுக்கு வேலையில்லை. தையல் தெரியாததால் துணிக்கட்டு சுமக்கும் "ஹெல்பர்" ஆனார். ஆர்டர் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. கிடைத்ததிலும் வாடகையும் ஓட்டல் சாப்பாடும் போக, மில் சம்பளத்தில் பாதிகூட எங்களுக்கு வந்து சேரவில்லை. இரண்டு வருடத்தில் இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார்.

அவர் மில்லில் சேர்ந்த அதே நாளில் சேர்ந்த முருகேசன் மாமா அப்போது மேஸ்திரியாகியிருந்தார். அப்பாவுக்காக மேனேஜரிடம் பேசிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவர், அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய சர்வீஸு செல்லாதாம்லே. காண்ட்ராக்டுல புதுசாச் சேரச் சொல்றாக."

"சேந்துக்கிறேன்" என்றார் அப்பா.

மறுநாள் காலை எங்கள் ஊரான பாளையம்பட்டியிலிருந்து நான் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ், மில் வாசலில் நின்றது. அன்றைக்குப் புதிதாக வேலைக்கு வந்த இளவட்டங்களின் வரிசையில், போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்த்ததைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேலையிலிருந்து நிற்கும் வரை அவருடைய சம்பளம் பழைய அளவைத் தொடவேயில்லை.

இப்போது அந்த மில் இல்லை. கல் நட்டு பிளாட் போட்டுவிட்டார்கள். முருகேசன் மாமாவும் போய்விட்டார். மதுரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் போன மாதம் கோயம்புத்தூரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. அப்பாவிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏத்தா, மதுரையில பாத்த வருசத்தை அங்க கணக்குல எடுத்துக்கிருவாகளா?" என்று கேட்டார் அப்பா.

"அதைப் பாத்துத்தான்ப்பா கூடப் போட்டுக் குடுக்குறாக."

"எழுத்துல வாங்கிட்டியா?" என்றார்.