கூவாத சேவல்

எங்கள் வீட்டில் கோழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். துபாய்க்குப் போன மாமாவிடமிருந்து போன் வருவது நின்றபிறகு, ஆழ்வார்குறிச்சிக்கு எங்களோடு இருக்க வந்தவள். வரும்போதே ஒரு கோழியைக் கூடையில் கொண்டுவந்தாள். அது பொரித்த குஞ்சுகளில் ஒன்றை அண்ணனுக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்தாள். மற்றவை பருந்துக்குப் போயின.

அண்ணனின் குஞ்சுக்குச் சீக்கிரமே இறக்கை நீண்டு, முதுகு மூடி, வாலும் முளைத்துவிட்டது. என்னுடையது சிவந்த முதுகைக் காட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் திரிந்தது. கறையான் தோண்டிக் கொண்டுவந்து போட்டேன். தின்றதே தவிர, இறகுக்கு அவசரமே இல்லை.

அத்தை இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். "பெட்டைக்குத்தான் வெரசா இறகு வரும். சேவலுக்குப் பையத்தான் வரும். ஏட்டி, ஒன்னோடது சேவலு."

சொன்ன கையோடு அதன் காலில் மஞ்சள் நூலைக் கட்டிச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டாள். இந்தச் சேவல் கூவுவதற்குள் மாமா வீடு வந்து சேர வேண்டும். வந்துவிட்டால் சேவல் மாடனுக்கு. அதுதான் நேர்ச்சை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமா வருவதற்கு என் குஞ்சின் கழுத்துதானா கிடைத்தது? அழுதேன், சோறு வேண்டாமென்றேன். யாரும் அசையவில்லை. சாமிக்கு விட்டதை விரட்டவும் கூடாதாம். அது காயப்போட்ட நெல்லைக் கிளறியது, என் பள்ளிக்கூடப் பைக்குள் எச்சமிட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தாய்க்கோழியையும் கீரி பிடித்துப்போக, மிஞ்சியவை அந்த இரண்டும்தான். ஒருநாள் காலையில் அண்ணனின் 'பெட்டை' தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கூவியது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எக்கா, மாடனுக்கு இத மாத்தி விட்ரு."

அத்தைக்கு முகம் கடுத்தது. "பெட்டக்கோழி கூவியா பொழுது விடியும்? என் சேவலு இன்னும் கூவலல்லா" என்றாள்.

கூவியது பெட்டை, கூவாதது சேவல்! இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் கோழியின் கொண்டை விரல்நகம் அளவுகூட வளரவில்லை. வாலும் பெட்டைக்குரிய குட்டை வால். தினமும் தூக்கிக் காட்டினேன். "கூவும், பைய கூவும்" என்பதைத் தவிர அத்தை வாயிலிருந்து வேறு பேச்சில்லை.

கடைசியில் சாட்சியே கிடைத்தது. வைக்கோல் மூலையிலிருந்து என் கோழி கொக்கரித்துக்கொண்டு எழுந்தது. அடியில் ஒரு முட்டை, சூடு ஆறாமல். இனி என் கோழிக்குக் கத்தி இல்லை என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய் அதை அத்தை கையில் வைத்தேன்.

அத்தை அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள். "அடுத்த வீட்டுக் கோழி வந்து இட்டிருக்கும்."

"இல்லத்தே, நான் பாத்தேன்!"

"ஏட்டி, இது சேவலு. இன்னும் கூவல, அவ்வளவுதான்."

ஆத்திரம் தாங்காமல் அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்துவந்தேன். அம்மா முட்டையைப் பார்த்தாள், அத்தை முகத்தைப் பார்த்தாள்.

"மைனி சொன்னாச் சரிதான். அது சேவலுதான்" என்றாள்.

முட்டையை எனக்கே பொரித்துக் கொடுத்தார்கள். எரிச்சலில் கண்ணீர் வந்தது. இந்த வீட்டில் சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தபடியே தின்று முடித்தேன்.