முதல் ரீல் இல்லாத படம்

ஆரம்பாக்கத்து டென்ட் கொட்டாயில் துளசிராமனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பத்து நிமிஷம். டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து உட்கார்ந்து, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவான். சண்டையோ சரசமோ, எதுவும் அவனைப் பிடித்து நிறுத்தாது. அப்படி ஓடுகிறவனை ஊர் வேறு எப்படித்தான் கூப்பிடும்?

அவன் அவஸ்தை அவனுக்கு. எழுபத்திரண்டில் அவன் அடையாற்றில் சினிமாப் படிப்பில் கடைசி வருஷம். ரயிலில் போய் வருவான். படிப்பு முடியுமுன் மாணவர்கள் ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். ஆனால் பிலிமுக்குப் பஞ்சம். அசத்தலான தொடக்கத்தோடு வருகிறவனுக்குத்தான் பிலிம் என்று ராஜமாணிக்கம் வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துளசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு படத்தில் முதலில் தெரிவது முகமா, இடமா? சத்தம் முந்துகிறதா, உருவமா? அதைப் பார்த்துக்கொண்டால் போதும், அடுத்த கொட்டாய்க்குப் பறப்பான். கதை எவனுக்கு வேண்டும்!

ஒரு நாள் அக்கா கங்கம்மாவையும் அழைத்துப் போனான். சூளூர்பேட்டைப் பக்கம் வாழப்போய்த் திரும்பி வந்துவிட்டவள். நடவுக்கும் களைக்கும் போய் அவனைப் படிக்க வைக்கிறவள். சாமிப் பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது. பெயர்கள் இல்லை, ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு பெண் படாரென்று கதவைச் சாத்துகிறாள்! துளசிக்குப் புல்லரித்துவிட்டது.

"யக்கா, எழுந்திரு. போலாம்."

"இன்னாடா இது, இப்பதான குந்துனோம்?"

"பாக்க வேண்டியத பாத்தாச்சி, வா."

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் பாவம்.

மறுநாள் வகுப்பில் துளசி பொரிந்து தள்ளினான். சென்சார் சர்டிபிகேட்கூடக் காட்டாமல் நேரே கதவு, என்ன தைரியம் என்றான். ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சர்டிபிகேட் காட்டாம படம் ஓட்ட முடியுமாய்யா? அந்தப் படத்த நான் பார்த்திருக்கேன். அது தேர்த் திருவிழாவுல ஆரம்பிக்குது." வகுப்பே கொல்லென்று சிரித்தது. துளசி முகத்தில் ஈயாடவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே ஆபரேட்டர் அப்பாவுவிடம் பாய்ந்தான்.

"மொதல் ரீல இன்னா பண்ண?"

"பொட்டிலதான் கீது. அது நீளப் படம்பா. அத்தயும் ஓட்னா ஜனம் கடைசி வண்டிய வுட்டுட்டு என்னைப் பேஜார் பண்ணும். ரெண்டாவதுலேர்ந்து போட்டேன். எவன் கேட்டான்?"

சினிமா படிக்கிறவனே கேட்கவில்லையே!

மறுநாள் போய் உள்ளதைச் சொன்னான். ராஜமாணிக்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா நல்லாத்தான் இருக்கு. அப்படி ஒரு தொடக்கத்த யாரும் எடுக்கல, நீயே எடு. அவ ஏன் கதவச் சாத்துனா? அத திங்கக்கிழமை வந்து சொல்லு, பிலிம் உனக்குத்தான்" என்றார்.

 நூறு படங்களின் வாசலை மிதித்தவனுக்கு ஒரு வீட்டின் உள்ளேகூடப் போகத் தெரியவில்லை. ரயிலில் உட்கார முடியாமல் வாசற்படியிலேயே நின்று வந்தான். கொட்டாயில் படம் மாறியிருந்தது. பழைய படத்தின் பெட்டி ஆந்திரப் பக்கம் தடா ஊரைத் தாண்டிப் போய்விட்டதாம்.

ஞாயிறு மத்தியானம் கங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். துளசி அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"யக்கா, அன்னிக்கி படத்துல அவ ஏன் கதவ சாத்துனா?"

"என்னைப் பாக்க வுட்டியா நீ? தரதரன்னு இட்டுக்கினு வந்துட்ட."

"சரி, நீ சொல்லு. நீ கோச்சிக்கினு அந்த ஊட்டுக் கதவ சாத்திக்கினு வந்தியே, அப்போ மனசுல இன்னா இருந்துச்சி?"

முறம் நின்றது.

"நான் சாத்திக்கினு வந்தேன்னு எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லை. அக்கா ரோஷக்காரி, உதறிவிட்டு வந்துவிட்டாள் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவன் அவன்தான்.

"அவுங்க சாத்துனாங்கடா. தண்ணி மொண்டுக்கினு வந்தேன், கதவு மூடிக்கினு இருந்துச்சி. கொடத்த இடுப்புலயே வெச்சிக்கினு நின்னேன். பொழுது சாஞ்சிடுச்சி. உள்ள எல்லாரும் சாப்புடற சத்தம் கேட்டுச்சி."

 துளசி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"வந்த அன்னிக்கி சொல்ல ஆரம்பிச்சேன். வண்டிக்கு நேரமாச்சின்னு நீ எழுந்து ஓடிட்ட."