ஏழு மணிக்கு ஏறிய சூடு

சூரியனுக்குள் நடப்பது எங்கள் அடுக்களை மேசையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் நடக்கிறது என்று என் கணவர் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டியூஷன் கல்லூரியில், பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். வெளிநாட்டில் இரண்டு பேர் சாதாரண அறைச் சூட்டிலேயே சூரியனைப்போல அணுக்களை இணைத்துவிட்டார்கள் என்ற பழைய பத்திரிகைத் துண்டைப் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தார். மற்றவர்கள் செய்து பார்த்துக் கையை விரித்த செய்தி மட்டும் அவர் கண்ணில் படவேயில்லை!

சலவைச் சோடா கரைத்த தண்ணீர், நிக்கல் கம்பி, பேட்டரி சார்ஜர், தெர்மாமீட்டர். அவ்வளவுதான் அவருடைய சூரியன். மாலை ஆறரைக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று சார்ஜரிலிருக்கும் சின்ன முள்ளை ஒரே ஒரு தடவை பார்த்துக் குறிப்பார். அதற்கப்புறம் தெர்மாமீட்டரை மட்டும் முறைத்துக்கொண்டிருப்பார். ஏழு ஆனதும் சூடு மளமளவென்று ஏறும். "நான் ஒண்ணும் கூட்டேல்ல. பின்ன இந்தச் சூடு எங்கேருந்து வருது? அணுவிலேருந்தாக்கும்" என்பார்.

நான் சிரித்தேன். வெந்நீருக்கு அடுப்பு போதாதா என்று கேட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் கேலியாகச் சொன்னேன். அவர் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, கர்த்தர் செய்த அற்புதம் என்று சாட்சியே சொல்லிவிட்டார். சாட்சிக்கு மறுகேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மறுநாளிலிருந்து குன்னத்துகாலிலிருந்துகூட ஆட்கள் வந்து பாட்டிலைப் பார்த்துப் போனார்கள். எனக்குக் காப்பி போட்டே கை ஓய்ந்தது.

அப்புறம்தான் வேலையை விடுவதாக எழுதி ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இனி முழு நேரமும் இதுதானாம். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு! புழுக்கத்தில் பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அதை எடுத்து முற்றத்தில் எறியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணி ஏழு. ஊர்ந்துகொண்டிருந்த ஃபேன் சட்டென்று வேகம் பிடித்தது.

அந்த வருஷம் ஊர் ஊராக முறை வைத்து அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். ஏழு மணிக்குப் பக்கத்து லைனின் முறை. அங்கே இருட்டியதும் எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் ஏறி, மங்கல் பல்பு பிரகாசமாகும். ஃபேன் ஓடும். சார்ஜர் மட்டும் சும்மா இருக்குமா? கடவுளே, இது தினமும் என் தலைக்கு மேலே நடந்திருக்கிறதே!

மறுநாள் காலேஜிலிருந்து வோல்ட்டேஜுக்கு ஒன்றும் கரண்டுக்கு ஒன்றுமாக இரண்டு மீட்டர் இரவல் வாங்கி வந்து அவர் முன்னாலேயே பொருத்தினேன். ஏழுக்கு இரண்டு முள்ளும் ஏறின. சூடு அதன் பின்னாலேயே ஏறியது. அவர் அடுத்த நாளும் போட்டுப் பார்த்தார். அதேதான். சார்ஜரை அணைத்தார்.

காலையில் இரண்டு பேரும் ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றோம். என்ன ஆயிற்று என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். என்ன சாக்குச் சொல்வாரோ என்று நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் அளந்தது தப்பு சார்" என்றார் அவர்.

மேலே அனுப்பாத அந்தக் கடிதம் மேசை டிராயரிலேயே இருந்தது. ஹெட்மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். வராந்தாவில் கடிதத்தை நாலாகக் கிழித்துக்கொண்டே என் கணவர் என்னைப் பார்த்தார்.

"இத்தன மாசமா சிரிச்சியே, ஒரு நாள் அந்த மீட்டரக் கொண்டு வந்திருக்கலாமில்லா?"