கடதாசிக் கோப்பை

மூளை ஒரு சோம்பேறி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். காண்கிற ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஆராய அதற்குப் பொறுமையில்லை. வாலை ஆட்டினால் நாய், மணம் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று முன்கூட்டியே பெட்டிகள் செய்து வைத்திருக்கும். வருவதை அதற்குள் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. இப்போது அதை நடத்தும்போது கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறேன்.

போன வருடப் பரிசளிப்பு விழாவில் தேநீர்ப் பொறுப்பு என்னுடையது. விஞ்ஞானத்தில் முதற்பரிசு என் வகுப்புப் பிள்ளைக்கு. கேள்வி கேட்டே என் உயிரை எடுப்பவள். அவளுக்குப் பயந்தே நான் முதல்நாள் படித்துவிட்டு வகுப்புக்குப் போவேன். பெற்றோருக்கான பீங்கான் கோப்பைகளை அன்று காலையில் அவள்தான் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பந்தல் போட வந்தவர்களுக்கென்று கடதாசிக் கோப்பைகளும் ஓர் ஓரத்தில் இருந்தன.

பெற்றோர் வரிசையாக வந்தார்கள். நான் ஊற்றி ஊற்றி நீட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒருவர் வந்து நின்றார். முன்கைகள் இரண்டும் பனை ஏறி ஏறிக் காய்த்துப் போயிருந்தன. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கை கடதாசிக் கோப்பையை எடுத்துவிட்டது. யோசித்து எடுக்கவில்லை, சத்தியமாக. சாதி பார்க்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

"விஞ்ஞானத்திலை பரிசு எடுத்தது என்ரை மகள்தான், ரீச்சர்" என்றார், இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு.

திரும்பினேன். அவள் என் பின்னால் நின்றாள்.

"மற்றக் கோப்பையள் முடிஞ்சுது, ஐயா" என்றேன்.

அவள் கவிழ்த்து வைத்த கோப்பைகளில் நாலைந்து இன்னும் மேசையில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கை தூக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சரியாகவே சொல்வாள். கேள்வி மட்டும் வரவில்லை. மூன்று கிழமை பொறுத்தேன். அதற்குமேல் வெட்கம் தாங்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்கு அப்பால் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன்.

தகப்பன் நான் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் என்னைக் கண்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என் முகத்தில் விழிக்க விருப்பமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்டைக்குக் கோப்பை முடியேல்லை, ஐயா. நான் பொய் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம் ரீச்சர், பிள்ளை சொன்னவள். அதை விடுங்கோ. அவளை நல்லாப் படிப்பிச்சு விடுங்கோ."

மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. எங்கள் சாதியார் இவர்கள் வீடுகளில் கை நனைப்பதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் நனைத்துவிட்டுத்தான் போவது என்று உறுதியாக இருந்தேன். "ஒரு தேத்தண்ணி தாங்கோவன்" என்று நானே கேட்டேன். அவர் வாசல் படலையைப் பார்த்தார். அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள், கையில் ஒரு சோடாப் போத்தலோடு.

"சோடா வேண்டாம், பிள்ளை. உங்கடை தேத்தண்ணியே போதும்."

அவள் போத்தலை என் முன்னால் வைத்தாள். குரலில் கோபமே இல்லை. வெயிலில் வந்த நான் எதையாவது குடித்துவிட்டுப் போக வேண்டுமே என்ற அக்கறைதான் இருந்தது.

"குடியுங்கோ, ரீச்சர். கடையிலை வாங்கினது. நாங்கள் மூடி திறக்கேல்லை."